விலை விழுந்தால் வதக்கல்

குழம்புக்குத் தாளிக்க, சட்னிக்கு அரைக்க, பொரியலுக்குக் கூட்ட என்று வெங்காயம் எப்போதும் இன்னொரு காய்க்குத் துணையாகத்தான் சட்டிக்குள் போகும். எங்கள் வீட்டில் அதுவே காயாக வடசட்டி முழுக்க உட்கார்ந்திருந்த நாட்கள் நிறைய. உரித்த சின்ன வெங்காயம் ஒரு முறம், பூண்டு ஒரு பிடி, கடலெண்ணெய், வரமிளகாய், உப்பு. இறக்குகிற நேரத்தில் கொத்தமல்லியும் அரிந்த வெங்காயத்தாளும். புளி, தக்காளி, தேங்காய், மசாலா எதற்கும் அதில் வேலை இல்லை. வெங்காய வதக்கல் என்றுதான் சொல்லுவோம்.

அதை என்றைக்குச் செய்வது என்பது அம்மாவின் கையில் இல்லை, சந்தையின் கையில் இருந்தது. நாங்கள் வெங்காயம் விளைவிக்கிறவர்கள். விலை ஏறினால் காய் மூட்டையேறிப் போய்விடும். எங்கள் சாம்பாரில் நாலு வெங்காயம் மிதந்தால் அதிகம். விலை சரிந்தால் காலையில் பழைய சோற்றுக்கும் வதக்கல், பொழுதோடக் களிக்கும் வதக்கல். விலை கூடினால் வெங்காயத்தைக் குறைப்பதும் குறைந்தால் அள்ளிப் போடுவதும் டவுனிலும் நடப்பதுதான். டவுனில் விலை குறைந்தால் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் அப்பா திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருப்பார், உள்ளே அடுப்பில் அருமையான வாசம் வந்துகொண்டிருக்கும். இன்றைக்கும் அந்த வாசம் எங்காவது அடித்தால் எனக்கு எச்சில் ஊறும், கூடவே ‘என்ன வெலைக்குப் போச்சோ’ என்றும் தோன்றும்.

உடுமலைப்பேட்டைக்கு வடக்கே, குடிமங்கலம் பக்கம் எங்கள் தோட்டம். செம்மண். கிணற்றுத் தண்ணீர் பாதி, பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலில் எங்கள் மண்டலத்துக்கு முறை வரும்போது வருகிற தண்ணீர் பாதி. அதைப் பி.ஏ.பி. தண்ணி என்றுதான் சொல்லிப் பழக்கம். பார் போட்டு இருபக்கமும் விதைக்காய் ஊன்றினால் 65, 70 நாளில் தாள் சாய ஆரம்பிக்கும். சாய்ந்தால் பறிப்பு. ஒரு விதைக்காயைச் சுற்றி ஐந்தாறு காய் கொத்தாகப் பிடித்திருக்கும். மண்ணை உதறினால் ரோஜா நிறம் தெரியும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் விதை கட்டுகிற ‘கோ 5’ ரகத்தை வெளியிட்டபின், எங்கள் பக்கத்திலும் சிலர் நாற்று விட்டு நடப் பழகினார்கள். அப்பா கடைசிவரை விதைக்காய்க்காரர்தான். அதில் ஒரு சங்கடம் உண்டு. விளைச்சலில் ஒரு பங்கை அடுத்த பட்டத்துக்கு விதையாக நிறுத்திவைக்க வேண்டும். அது கெடாமலும் இருக்க வேண்டும், நல்ல விலை வந்தால் அதையும் விற்றுவிடலாமா என்று மனசு அலையாமலும் இருக்க வேண்டும்.

நிறுத்திவைக்கிற இடம் பட்டறை. களத்தோரமாகக் கல் ஊன்றி, அதன்மேல் மூங்கில் பரப்பி, சோளத்தட்டு போட்டு, காற்று அடியிலும் பக்கவாட்டிலும் புகுந்து வெளியேறும்படி தடுப்புக் கட்டி, மேலே தென்னங்கீற்று வேய்ந்திருப்போம். காய்ந்த தாளோடு உள்ளே போகிற காய் இரண்டு மூன்று மாதம் தாங்கும். இடையில் மழை சாரலாக அடித்து ஓர் ஓரத்துக் காய் நனைந்தால் போதும், அழுகல் உள்ளே பரவும். நல்ல பட்டறையில் காய்ந்த மண் வாசம் வரும், கெட்ட பட்டறையை வீதியில் நின்றே கண்டுபிடிக்கலாம். என் அப்பத்தா காலையில் எழுந்ததும் பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றி மூக்கால் பார்த்துவிட்டுத்தான் பல் விளக்கவே போகும்.

வியாபாரி வந்தால் முதலில் மூட்டைக்குள் முழங்கை வரை விட்டு அடிக்காயை எடுத்துப் பார்ப்பார். “ஏனுங்ண்ணா, காயி ஈரமாட்ட இருக்குதுங்களே” என்று ஆரம்பித்தாலே அப்பாவுக்குத் தெரியும், கிலோவுக்குக் கொஞ்சம் இறங்கப்போகிறது என்று. “ஈரமெல்லாம் இல்லீங், நேத்துப் பொழுதுக்கும் காய வெச்சதுங்” என்பார். இந்தப் பேச்சு எப்போதும் இதே மாதிரிதான் போகும். அது முடிந்து, காய் எடை போட்டு, வண்டி கிளம்பினபின் களத்தில் மிச்சம் கிடப்பதுதான் எங்கள் பங்கு. களைக்கொத்து பட்டு வெட்டுப்பட்டது, சுண்டைக்காய் அளவு பொடி, தோல் நீங்கி அம்மணமாய்க் கிடப்பது, இரண்டு ஒட்டிக்கொண்டு கோணலானது, நாள்பட்டு முளைவிட்டது. விளைவித்தவன் தின்பது வியாபாரி தள்ளியதைத்தான். இதைச் சொல்லி எங்கள் வீட்டில் யாரும் வருத்தப்பட்டுப் பார்த்ததில்லை. ருசியில் பொடிக்காயை அடிக்க எந்தக் காயும் இல்லை என்று அம்மா இன்றும் சாதிப்பாள். நானும் அந்தக் கட்சிதான்.

பொடிக்காயை உரிப்பதுதான் பெரும்பாடு. அரை மணி நேரம் தண்ணீரில் போட்டுவைத்தால் தோல் இளகும். அப்பத்தா அதற்கும் ஒத்துக்கொள்ளாது, தண்ணி பட்ட காய் எண்ணெயில் சண்டை போடும் என்று சொல்லும். வெயிலில் காய்ந்த காயை முறத்தில் கொட்டி உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து, சருகு பறக்க ஒரு புடை புடைக்கும். அப்புறம் அருவாமணையில் நுனியை மட்டும் அரியும். வேர்ப்பக்கம் ஒட்டச் சீவினால் போதும், ஆழமாக அரிந்தால் வதங்கும்போது இதழ் இதழாகப் பிரிந்துவிடும். எங்களுக்கெல்லாம் கண்ணும் மூக்கும் ஒழுகும். அப்பத்தாவுக்கு ஒன்றும் ஆகாது. கேட்டால், “அதெல்லாம் எப்பவோ அளுது முடிச்சாச்சு கண்ணு” என்று சொல்லிவிட்டு அடுத்த காயை எடுக்கும்.

வெங்காயத்துக்குள் கண்ணீரைக் கிளப்புவதற்கென்றே தனியாக ஒரு நொதி இருக்கிறது என்று ஜப்பான்காரர்கள் 2002-ல் கண்டுபிடித்தார்கள். சிரிக்கவைத்து அப்புறம் யோசிக்கவைக்கிற ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கிற இக் நோபல் பரிசு 2013-ல் அவர்களுக்குக் கிடைத்தது. செய்தியைப் படித்தபோது எனக்குப் பரிசைவிட அம்மாவின் ஒரு வழக்கம்தான் ஞாபகம் வந்தது. வதக்கலுக்கு வெங்காயத்தை அவள் அரியவே விடமாட்டாள். “அரிஞ்சாக் காட்டம் ஏறிப்போகும், முழுசாப் போடு” என்பாள். முழு வெங்காயத்தின் உள்ளே கந்தகச் சரக்கு ஒரு பக்கமும் நொதி இன்னொரு பக்கமும் தனித்தனி அறையில் இருக்கின்றன. கத்தி பட்டுச் சுவர் உடைந்தால்தான் இரண்டும் கலந்து நெடி கிளம்பும். உடையாமல் சூட்டுக்குப் போனால் கலப்பதற்கு முன்பே நொதி செத்துப்போகும். காட்டம் பிறக்காமலே காய் இனிப்பாகிவிடும். காரணம் தெரியாமலே காரியம் சரியாக நடந்திருக்கிறது. காரணம் தெரிந்தபின் என் சமையல் ஒன்றும் மேம்பட்டுவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

இனி அடுப்பு. இரும்பு வடசட்டிதான் சரி. கரண்டியில் கணக்கு வைக்காமல் கடலெண்ணெய் ஊற்றி, காய்ந்ததும் கொஞ்சம் கடுகு, உளுந்து, இரண்டாகக் கிள்ளிய வரமிளகாய், கறிவேப்பிலை. கறிவேப்பிலை எண்ணெயைத் தொட்டால்தான் தன்னிடம் இருப்பதைக் கொடுக்கும், கடைசியில் தூவினால் தட்டோரத்தில் ஒதுக்கத்தான் ஆகும். இலை படபடத்து ஓய்வதற்குள் வெங்காயம் முழுவதையும் கொட்டிவிட வேண்டும். முதலில் தீ கொஞ்சம் எரியட்டும். கிளறுவதற்குக் கை பரபரக்கும், கிளறக்கூடாது. அடிப்பக்கம் சட்டியோடு ஒட்டி ஒரு பொட்டுச் சிவந்தபின் ஒரு புரட்டு. திரும்பவும் விட்டுவிட வேண்டும். எல்லாக் காயிலும் இரண்டு மூன்று இடத்தில் சிவப்பு விழுந்த பிறகுதான் உப்பு. முன்னாலேயே உப்புப் போட்டால் தண்ணீர் விட்டுக்கொண்டு, சிவக்கிற வேலை நின்று, வேகிற வேலை ஆரம்பித்துவிடும். உப்புப் போட்டதும் தீயை இழுத்து, ஒரு தட்டம் போட்டு மூடி, உள்ளே வெங்காயம் தன் தண்ணீரிலேயே குழைய விட்டுவிடலாம். மூடியைத் திறக்கும்போது ஓர் இனிப்பு நெடி முகத்தில் அடிக்கும்.

பல்லாரி வெங்காயத்தில் இதே வித்தை பலிக்காது. பலபேர் முயன்று பார்த்துவிட்டு ‘நீங்க சொன்ன மாதிரி வரலீங்க’ என்று என்னிடம் குறைப்பட்டிருக்கிறார்கள். பெரிய வெங்காயத்தில் நூற்றுக்கு 87 பங்கு வரை தண்ணீர். சின்னதில் அதைவிடக் குறைவு, 84-ஐ ஒட்டி இருக்கும். வித்தியாசம் கொஞ்சம்தானே என்று நினைப்போம், வடசட்டியில் அது பெரிய வித்தியாசம். போதாததற்குப் பெரியதை அரிந்துதான் போட முடியும். அரிந்த பக்கமெல்லாம் தண்ணீர் கசியும். அதை வதக்கினால் நல்ல தொக்கு கிடைக்கும். வதக்கல் கிடைக்காது.

பூண்டு விஷயத்தில் அம்மாவுக்கும் அப்பத்தாவுக்கும் தீராத வழக்கு. பூண்டில் தண்ணீர் 60 பங்குக்குச் சற்று மேலேதான். அதனால் வெங்காயம் சிவப்பதற்குள் பூண்டு கருகிக் கசந்துவிடும். இது இரண்டு பேருக்கும் அனுபவத்தில் தெரியும், தீர்வுதான் வேறு வேறு. அம்மா தோலுரித்து அம்மியில் ஒரு தட்டுத் தட்டி ஓரமாக வைத்திருந்து, மூடியைத் திறந்தபின் போடுவாள். தட்டின பூண்டு கொஞ்ச நேரம் காற்று வாங்கினால் மணம் ஏறும் என்பது அவள் கணக்கு. அப்பத்தாவோ தோலோடு முழுப் பல்லை வெங்காயத்தோடு ஆரம்பத்திலேயே போட்டுவிடும். தோல் கருகும், உள்ளே பல் வெண்ணெயாய் வெந்திருக்கும். சாப்பிடும்போது ஒவ்வொருவரும் தோலைப் பிதுக்கித் தின்ன வேண்டியதுதான். “பூண்டுத் தோலை எலையில வெக்கறது ஒறம்பரைக்கு அளகாவா இருக்கும்?” என்று அம்மா கேட்பாள். “வெங்காய வதக்கலுக்கு எந்த ஒறம்பரை வாறாங்கொ?” என்று அப்பத்தா திருப்பிக் கேட்கும். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

என் தீர்ப்பு பூண்டைப் பொறுத்தது. பழனிப் பக்கம் போய் வருகிறவர்கள் கொடைக்கானல் மலைப்பூண்டு வாங்கி வருவார்கள். பூம்பாறை, மன்னவனூர் மேட்டில் விளைவது. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பல் சிறுத்து, தோல் இறுகி, நெடி தூக்கலாக இருக்கும். உரிப்பதற்குள் விரல் நகம் எரியும். அதற்கு அப்பத்தா வழிதான் சரி. கடையில் வெள்ளை வெளேரென்று பருமனாகக் கிடைக்கிற பூண்டுக்கு அம்மா வழி.

தழை விஷயத்தில் சண்டையே இல்லை. வெங்காயப் பாத்தியின் வரப்போரம் கொத்தமல்லி தூவிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பறிப்புக்கு வருகிற ஆட்கள் ஆளுக்கொரு கை பிடுங்கிக்கொண்டு போனதுபோக மிஞ்சுவது வீட்டுக்கு. அதன் தண்டைப் பொடியாக அரிந்து பூண்டோடு சட்டியில் போட வேண்டும், இலையை இறக்கினபின்தான். கொத்தமல்லி இலையின் வாசம் சூட்டில் நிற்காது. இரண்டு நிமிஷம் அதிகம் இருந்தால் வெறும் பச்சை நிறம்தான் மிஞ்சும். வெங்காயத்தாளுக்கும் அதே விதி. பட்டறைக் காலம் முடியப்போகும்போது மூங்கில் சந்துகளில் பச்சை முளைகள் எட்டிப்பார்க்கும். வியாபாரிக்கு அது கழிவு. முளைத்த காயின் உள்ளே ஏற்கெனவே பாதிச் சத்து முளைக்குப் போயிருக்கும். எங்களுக்கு அந்த முளைதான் சட்டிக்குக் கடைசியாகப் போகிற தழை. ஒரே செடியின் கிழங்கு வெந்து இனிப்பாகியிருக்க, அதன் தாள் பச்சையாக, லேசான காரத்தோடு மேலே கிடக்கும். அந்த இரண்டும் ஒரு வாயில் சேர்ந்தால்தான் எனக்கு வதக்கல் முழுசானது.

சுடச்சுட கம்மஞ்சோற்றில் குழி பறித்து அதில் வைத்துத் தின்ன வேண்டும், பக்கத்தில் மோர். அரிசிச் சோற்றுக்கும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதன் உண்மையான ஜோடி பழைய சோறுதான். ராத்திரி வதக்கியதைக் காலையில் சூடு பண்ணாமலே தொட்டுக்கொள்ளும்போது, எண்ணெய் நன்றாக ஊறி, பூண்டு எல்லாக் காய்க்குள்ளும் இறங்கியிருக்கும். அப்பா அப்படித்தான் சாப்பிடுவார். விலை விழுந்த நாட்களில் எங்களுக்கு ஓர் அதிசயம், அப்பா வழக்கத்தைவிட ஒரு கை கூடவே சாப்பிடுவார். அம்மா சாதம் போடப் போட, “வெக்கறதுன்னா வதக்கல வெய்யி” என்பார். அது பசியா கோபமா என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

விலை ஏறிய வருஷங்கள் வேறு மாதிரி. அப்பாவின் கயிற்றுக்கட்டில் திண்ணையிலிருந்து பட்டறைக்குப் பக்கத்துக்குப் போய்விடும், தலைமாட்டில் டார்ச் லைட்டும் தடியும். வெங்காயம் திருடு போகும் என்று டவுன்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். நகைக்குப் பூட்டுப் போடலாம், பட்டறைக்கு எங்கே பூட்டுப் போடுவது? அந்த நாட்களில் அம்மா சுரைக்காய், பீர்க்கங்காய், பூசணி என்று வேலியோரத்துக் காய்களால் ஒப்பேற்றுவாள். தாளிப்புக்குக்கூட வெங்காயம் கிடையாது. நாங்கள் முணுமுணுத்தால், “வெலை நின்னுக்கட்டும், அப்பறம் தின்னுக்கலாம்” என்பாள். விலை நின்றால் காய் இருக்காது என்பது எங்களுக்கும் தெரியும். அந்த மாதங்களில்தான் பள்ளிக்கூடத்துக்குப் புதுச் சட்டை வந்தது, கிணற்று மோட்டாருக்குச் சுருள் மாற்றியது, அப்பத்தாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. வீட்டில் சிரிப்பு இருந்தது, தட்டில் பீர்க்கங்காய் இருந்தது.

இப்போது தோட்டம் தம்பி கையில். அவன் காலத்தில் விலையை உடுமலைச் சந்தையும் திண்டுக்கல் சந்தையும் மட்டும் தீர்மானிப்பதில்லை. நாசிக் பக்கம் லாசல்கானில் பெரிய வெங்காயம் என்ன விலை போகிறது என்பதைப் போனில் பார்த்துக்கொண்டே மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறான். அங்கே ஏறினால் டெல்லியில் ஏற்றுமதிக்குத் தடை வரும். 2019 செப்டம்பரில் வந்தது, 2020 செப்டம்பரில் வந்தது, 2023 டிசம்பரில் வந்து 2024 மே வரை நீடித்தது. இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போகிற எங்கள் சின்ன வெங்காயமும் அந்த ஒரே ‘வெங்காயம்’ என்ற பெயருக்குள் அடைபட்டு நின்றுவிடும். சின்ன வெங்காயத்துக்குத் தனி ஏற்றுமதிக் குறியீடு கொடுங்கள் என்று எங்கள் பக்கத்து விவசாயிகள் மனு கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். 1998-ல் டெல்லி மாநில ஆட்சி மாறியதற்கு வெங்காய விலையும் ஒரு காரணம் என்பார்கள். வாங்குகிறவர்களுக்குக் கோபம் வந்தால் ஆட்சி மாறுகிறது. விளைவிக்கிறவனுக்குக் கோபம் வந்தால், ரோட்டில் கொட்டிய வெங்காயத்தின் படம் ஒரு நாள் பேப்பரில் வருகிறது.

நான் கோயம்புத்தூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். தம்பி சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மூட்டையை வாசலில் இறக்கிவிட்டுப் போனால், கேட்காமலே எனக்கு நிலவரம் தெரிந்துவிடும். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பங்கு போகும். “ஊர்லருந்து வந்துச்சுங்களா, இந்த வருசம் நல்ல வெளைச்சல் போல” என்று சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். ஆமாங்க என்பதற்கு மேல் நான் பேசுவதில்லை. உரித்துப் பொட்டலம் கட்டிய சின்ன வெங்காயம் இப்போது கடையிலேயே கிடைக்கிறது. உரித்து வெகுநேரம் ஆன காய்க்கு மேல்தோல் வழுவழுத்து, ஒரு புளித்த வாடை வரும். சாம்பாருக்கு ஆகும். வதக்கலுக்கு நான் அதைத் தொடமாட்டேன்.

அம்மா போன மழைக்காலத்தில் என்னோடு கொஞ்ச நாள் வந்து தங்கியிருந்தாள். காலையில் தள்ளுவண்டிக்காரர் குரல் கேட்டால் முதலில் கீழே இறங்குவது அவள்தான். அவள் வாங்குகிறாளோ இல்லையோ, சின்ன வெங்காயம் என்ன விலை என்பதுதான் முதல் கேள்வி. குறைந்த விலை சொன்னால் முகம் சுண்டிப்போய், “அட பாவமே, அப்பிடியாப் போகுது?” என்று கூடையை மாற்றிப் பிடித்துக்கொள்வாள். ஒரு நாள் அவர் தயங்கித் தயங்கி, “சின்னது தாறுமாறா ஏறிப்போச்சும்மா, நான் என்ன பண்றது, எடுக்கற எடத்துலயே அந்த வெலை” என்று சமாதானம் சொன்னார். அம்மா ஒரு படி இறங்கி நின்று, “நெசமாலுமா?” என்று இன்னொரு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். “வெலை ஏறுச்சுன்னா சந்தோசப்படற ஆளை இப்பத்தாம்மா பாக்கறேன்” என்று அவர் சொல்லிக்கொண்டே தராசை எடுத்தார். அம்மா ஒரு கிலோ பீர்க்கங்காய் வாங்கினாள். பேரமே பேசவில்லை.